வீட்டு டேப்பும் மிதிவண்டியும்: ரிம்முக்கு எது, பிரேமுக்கு எது

மின்சார வேலைக்கு வாங்கி வைத்த கறுப்பு இன்சுலேஷன் டேப், பெட்டி ஒட்டும் பழுப்பு டேப், கசியும் குழாயைச் சுற்றக் கொண்டுவந்த துணி டேப், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் கிடக்கிறது. அதையே சைக்கிளின் ரிம்முக்குள் சுற்றிவிடலாமா, கீறல் விழாமல் இருக்கப் பிரேமின் மேல் ஒட்டிவிடலாமா என்ற கேள்வி, பாளையங்கோட்டையில் கியர் சைக்கிள் வாங்கிய இளைஞருக்கும் வருகிறது. அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் களக்காட்டிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ பள்ளிக்குப் போகும் மாணவிக்கும் வருகிறது. இருவருடைய சைக்கிளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதால் இருவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது.

டேப்பைக் கையில் எடுத்ததும் அது எவ்வளவு பலமாக ஒட்டுகிறது என்பதைத்தான் நாம் பார்க்கிறோம். சைக்கிளைப் பொறுத்தவரை அது இரண்டாம்பட்சம் என்பது என் உறுதியான கருத்து. ரிம்முக்குள் போகும் டேப்பின் மேல் டியூப் தன் முழுக் காற்றழுத்தத்தோடும் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்த டேப் உரிந்து மேலே வருவதற்கு வழியே இல்லை. அங்கே பார்க்க வேண்டியது அது இழுபடுமா, ஓட்டையின் மேல் குழியுமா என்பதுதான். பிரேமில் ஒட்டும் டேப்போ என்றைக்காவது ஒருநாள் உரிக்கப்பட வேண்டியது. அது பெயின்ட்டைப் பிடுங்காமலும், பசையை விட்டுச் செல்லாமலும், ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காமலும் இருக்குமா என்பதே அங்கே கேள்வி. டியூப் இல்லாமல் டயரை மட்டும் மாட்டும் டியூப்லெஸ் முறையில்தான் ஒட்டும் தன்மை உண்மையிலேயே முக்கியமாகிறது.

முதலில் ரிம். கம்பி பிரேக் உள்ள பழைய பெரிய சைக்கிள்களிலும், விலை குறைந்த பெரும்பாலான சைக்கிள்களிலும் இருப்பது ஒற்றைச் சுவர் ரிம். முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40 என்று போக்ஸ் கம்பிகள் பூட்டிய நம் ஊர்ப் பால்கார சைக்கிளை எடுத்துக்கொண்டால், அந்தக் கம்பிகளை ரிம்மோடு பூட்டும் நிப்பிள் எனப்படும் சிறு திருகுகள் அத்தனையின் தலைகளும் ரிம்மின் உட்புறத்தில் சிறு மேடுகளாக நிற்கும். இங்கே டேப் செய்ய வேண்டிய வேலை, அந்த மேடுகள் டியூபைத் தேய்க்காமல் மெத்தை போல இருப்பது மட்டுமே. சைக்கிள் கடைகளில் பழைய டியூபை வாராக வெட்டி, வால்வுக்கு ஒரு துளை போட்டு ரிம்மைச் சுற்றிப் போடும் பழக்கம் இருக்கிறதே, அது இந்த வகை ரிம்முக்கு மிகப் பொருத்தமானது. அந்த வாருக்குப் பசை கிடையாது. சக்கரம் கோட்டம் எடுக்க வேண்டி வந்தால் கழற்றிவிட்டு நிப்பிளைத் திருப்பிய பின் அதையே மறுபடி மாட்டிக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் உள்ளே போனாலும் ரப்பர் மக்குவதில்லை.

அதே இடத்தில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினாலும் ஓரளவுக்கு வேலை நடக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த டேப் பிவிசியால் ஆனது. வெயில் காலத்தில் அதன் பசை இளகி, டேப் ஒரு பக்கமாக நகர்ந்து, நிப்பிள்களை வெளியே விட்டுவிடும். டியூபைக் கழற்றும்போது பார்த்தால் கறுப்புப் பசை டியூபிலும் ரிம்மிலும் அப்பியிருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் திருநெல்வேலியில் பகல் முழுவதும் நிழலில்லாத இடத்தில் நிற்கும் சைக்கிளின் ரிம்மைத் தொட்டுப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருத்துவத்துக்கான துணிப் பிளாஸ்திரி இதைவிட மேலானது. பருத்தி நெசவு இழுபடாது, நிப்பிள் தலையின் மேல் கிழியவும் கிழியாது. அதன் ஒரே குறை ஈரத்தைக் குடித்து வைத்திருப்பது. இரும்பு ரிம்மில் அது துருவுக்கு இடம் கொடுக்கும். அலுமினிய ரிம்மில் அவ்வளவு கவலையில்லை. எந்தப் பொருளைப் போட்டாலும், நிப்பிளுக்கு மேலே நீண்டு நிற்கும் போக்ஸ் கம்பி முனையை அரத்தால் தேய்த்த பிறகே போட வேண்டும். கூர்முனையை மூன்று சுற்று டேப்பால்கூட நெடுநாள் அடக்கி வைக்க முடியாது.

ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு தகடுகள் கொண்ட இரட்டைச் சுவர் ரிம்மில் கதை வேறு. அங்கே நிப்பிள்கள் கீழ்ச்சுவரில் இருக்கின்றன. அவற்றைப் பூட்டுவதற்காக மேல்சுவரில் பெரிய ஓட்டைகள் விடப்பட்டிருக்கின்றன. டேப் அந்த ஓட்டைகளின் மேல் பாலம் கட்டியது போல நிற்க வேண்டும். இதன் சுமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஓட்டையின் விட்டம் 8.5 மில்லிமீட்டர் என்று கொண்டால் அதன் பரப்பு சுமார் 57 சதுர மில்லிமீட்டர். டயரில் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் காற்றழுத்த அளவு) காற்று அடித்தால் ஒவ்வொரு ஓட்டையின் மேலும் டேப் தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எடைக்குச் சமம். பந்தயச் சைக்கிளில் 100 பிஎஸ்ஐ அடித்தால் நான்கு கிலோ. இந்தச் சுமை ஓட்டும்போது மட்டும் வந்து போவதல்ல. சைக்கிள் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் இரவிலும், வெயிலில் காயும் பகலிலும் அது இருந்துகொண்டே இருக்கிறது. இழுத்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் நீளக்கூடிய இன்சுலேஷன் டேப், இந்த இடைவிடாத அழுத்தத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்து ஓட்டைக்குள் இறங்கும். டியூபும் கூடவே இறங்கி, ஓட்டையின் விளிம்பில் உரசி, ஒருநாள் வெடிக்கும் அல்லது மெல்லக் கசியும். மலைப்பாதையில் ரிம் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்குகிறவரின் ரிம், வெயில் இல்லாத நாளிலும் சூடேறும் என்பதால் அவருக்கு இது இன்னும் அபாயமானது.

இந்தச் சீமையில் இப்படிப்பட்ட பஞ்சர் பெரும்பாலும் அடையாளம் காணப்படுவதே இல்லை. வள்ளியூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் உடைமரமும் சீமைக்கருவேலமும் சாலையோரமெங்கும் நிற்கின்றன. தரிசு நிலத்தில் நெருஞ்சி படர்ந்து கிடக்கிறது. ஆகையால் டயர் இறங்கியவுடன் "முள்ளு குத்தியிருக்கும் அண்ணாச்சி" என்று சொல்லி ஒட்டுப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை ஒட்டுப் போட்டும் தீராத பஞ்சர் இருந்தால், ஓட்டை டியூபின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் முள், கண்ணாடிச் சில்லு, கம்பித்துண்டு. ரிம்மைப் பார்த்த பக்கத்தில், அதிலும் டியூபில் வட்டமான தழும்புகள் வரிசையாகத் தெரிந்தால், குற்றவாளி ரிம் டேப்தான். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டயரை மாற்றுவதும், விலை கூடிய டியூப் வாங்குவதும் வீண் செலவு.

அப்படியானால் இரட்டைச் சுவர் ரிம்முக்கு எந்த வீட்டு டேப்? பெட்டி ஒட்டும் பழுப்பு டேப்பைப் பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள்; ஆனால் அதன் படலம் இருதிசையிலும் இழுத்து உருவாக்கிய பாலிபுரோப்பிலீன் என்பதால், மிக மெல்லியதாக இருந்தாலும் எளிதில் நீளாது. அதை 48 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து ரிம்மின் உள்ளகலத்துக்கு ஏற்ப நேராக வெட்டி, நன்றாக இழுத்துப் பிடித்து மூன்று நான்கு சுற்றுச் சுற்றினால், நடுத்தர அழுத்தம் அடிக்கும் ஹைபிரிட் சைக்கிளுக்கு நல்ல ரிம் டேப் வாங்கும் வரை தாங்கும். அதன் பலவீனம் விளிம்பில் இருக்கிறது: வெட்டும்போது ஒரு சிறு பிசிறு விழுந்தாலும் அங்கிருந்து குறுக்கே கிழிந்துவிடும். ஆகவே கத்தரிக்கோலைத் தவிர்த்து, புதிய பிளேடும் இரும்பு அளவுகோலும் கொண்டு வெட்ட வேண்டும். இதைவிட மேலானது, கனமான பெட்டிகளைக் கட்டப் பயன்படும், நீளவாக்கில் கண்ணாடி இழை ஓடும் டேப். அந்த இழைகள் நீளுவதே இல்லை. இரண்டு சுற்று போதும். பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் அது கிடைக்கும்.

துணி டேப் இந்த இடத்துக்கு வலுவானதுதான், ஆனால் தடிமனானது. பொதுவாக அது 0.25 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கும். இரண்டு சுற்றுப் போட்டால் டயரின் பீடிங், அதாவது ரிம்மைப் பற்றி நிற்கும் அதன் கெட்டியான விளிம்பு, உட்காரும் இடத்தின் சுற்றளவு கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் கூடிவிடக்கூடும். கைவிரலால் ஏறிய டயர், நெம்புகோல் போட்டாலும் ஏற மறுப்பதற்கு இதுவே காரணம். டியூப் போட்டு ஓட்டுகிறவர் துணி டேப்பைப் பீடிங் உட்காரும் பகுதிவரை அகலமாக விடாமல், ஓட்டைகளை இருபுறமும் சில மில்லிமீட்டர் தாண்டி மூடும் அளவுக்கு மட்டும் வெட்டி, நடுப்பள்ளத்தில் ஒரே சுற்றாகப் போட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் கடையில் ரிம் டேப் என்றே கேட்டு வாங்கக்கூடிய நெசவுத் துணி டேப்போ, கடினமான நைலான் பட்டையோ இரட்டைச் சுவர் ரிம்முக்கு எல்லாவற்றையும்விட நல்லது. அதன் விலை இரண்டு மூன்று பஞ்சர் ஒட்டும் கூலியைத் தாண்டாது. அது கிடைக்காத ஊரில் கண்ணாடி இழை டேப், அதுவும் இல்லையென்றால் பழுப்பு டேப். இன்சுலேஷன் டேப்பை இரட்டைச் சுவர் ரிம்மில் போடவே கூடாது. ஒற்றைச் சுவர் ரிம்மில் ஒப்பேறும் பழைய டியூப் வாரையும் இங்கே போடக் கூடாது, ஏனென்றால் ரப்பரும் ஓட்டைக்குள் குழியும்.

டியூப்லெஸ் முறைக்கு டேப் தேடுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும், முள் நிறைந்த இந்தப் பகுதியில் அந்த ஆசை நியாயமானது. டயருக்குள் ஊற்றும் சீலன்ட், பெரும்பாலும் ரப்பர்ப் பாலை அடிப்படையாகக் கொண்டது; முள் குத்திய சிறு துளையில் அது உறைந்து தானாகவே அடைத்துவிடும். ஆனால் இங்கே டேப்பின் வேலை மூன்று மடங்காகிறது. ஓட்டையின் மேல் குழியாமல் நிற்க வேண்டும். காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். எப்போதும் நனைத்துக்கொண்டே இருக்கும் சீலன்ட்டில் பசை கரையாமல் இருக்க வேண்டும். இதற்கென்றே விற்கப்படும் டேப்புகள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் படலமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளிநாட்டு மலைச் சைக்கிள்காரர்கள் கொரில்லா டேப் எனப்படும் தடித்த கறுப்புத் துணி டேப்பை இதற்குப் பயன்படுத்தி வருகிறார்கள்; அவர்கள் அடிக்கும் 25, 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அது ஈடுகொடுக்கிறது. ஆயினும் வெட்டிய விளிம்பில் தெரியும் நெசவு நூல் வழியே சீலன்ட் மெல்ல உள்ளே ஏறுகிறது. சில மாதங்கள் கழித்து உரித்தால் பசை முழுவதும் ரிம்மிலேயே தங்கிவிடுகிறது. நம் ஊர் ஹார்டுவேர் கடைத் துணி டேப் அதைவிட மெல்லிய நெசவு கொண்டது என்பதால் அதை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம். இன்சுலேஷன் டேப்பைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

டியூப்லெஸ்ஸுக்கு என்று வடிவமைக்கப்படாத ரிம்மை எந்த டேப் கொண்டும் டியூப்லெஸ் ஆக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பீடிங்கைப் பிடித்து நிறுத்தும் விளிம்பு அமைப்பு அந்த ரிம்மில் இல்லை. வளைவில் சாய்ந்து திரும்பும்போது காற்று ஒரேயடியாக வெளியேறி டயர் கழன்றால், நான்குவழிச் சாலையில் பேருந்துக்கு முன்னால் விழ நேரிடும். முள்ளுக்குப் பரிகாரம் தேடுகிறவர், டியூபையே வைத்துக்கொண்டு அதன் வால்வைக் கழற்றிச் சீலன்ட்டை உள்ளே செலுத்துவது செலவும் அபாயமும் குறைந்த வழி. வெயிலில் அது சீக்கிரம் வற்றும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறையான டியூப்லெஸ் ரிம் இருந்து, டேப் மட்டும் மாற்ற வேண்டியிருந்தால், செய்முறைதான் பாதி வெற்றி. பழைய பசையை முழுவதும் எடுத்து, ரிம்மை ஸ்பிரிட் கொண்டு துடைத்துக் காயவிட வேண்டும். டேப்பின் அகலம் ரிம்மின் உள்ளகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். இறுக்கமாக இழுத்துச் சுற்றி, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் அளவுக்கு மேலேறி முடிக்க வேண்டும். பிறகு ஒரு டியூபைப் போட்டுக் காற்றடித்து ஓர் இரவு விட்டுவிட்டால் டேப் நன்றாகப் படிந்துவிடும். வால்வுத் துளையைப் பிளேடால் குறுக்குநெடுக்காகக் கீறக் கூடாது. கீறல் காற்றழுத்தத்தில் நீண்டுகொண்டே போகும். சூடாக்கிய மெல்லிய ஆணியால் துளையிட்டால் விளிம்பு உருகி நின்றுவிடும், மேலும் கிழியாது.

இனி பிரேம். பிரேமில் எல்லா இடத்துக்கும் காப்புத் தேவையில்லை. முன் சக்கரம் வாரி எறியும் கல் படும் கீழ்க்குழாய், செயின் அடிக்கும் பின் குழாய், பிரேக் கேபிளும் கியர் கேபிளும் உரசும் முன் கழுத்துப் பகுதி, சுமை கட்டும்போது கயிறு இழுபடும் கேரியர்ப் பகுதி ஆகிய நான்கு இடங்களை மட்டும் கவனித்தால் போதும். களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றிப் போகும் சைக்கிள்களில் கேரியரும் அதைத் தாங்கும் குழாயும் பெயின்ட் போய் இரும்பு மின்னுவதைப் பார்க்கலாம். அங்கே எந்த டேப்பும் நிற்காது, பழைய டியூபைப் பட்டையாக வெட்டி இறுக்கிச் சுற்றி முனையை மட்டும் இன்சுலேஷன் டேப்பால் கட்டுவதே நிலைக்கும். செயின் அடிக்கும் குழாய்க்கும் அதே டியூப்தான் சரி, சத்தமும் அடங்கும்.

கீழ்க்குழாய்க்கும் கேபிள் உரசும் இடத்துக்கும் போட்டி மூன்று பொருள்களுக்கு இடையில். பெட்டி ஒட்டும் நிறமற்ற டேப் கையோடு கிடைக்கும், கண்ணுக்கும் உறுத்தாது, ஆனால் வெயிலில் சில மாதங்களிலேயே மஞ்சளித்து, நொறுங்கி, துணுக்குத் துணுக்காகத்தான் உரிபடும். கல் அடியைத் தாங்கும் தடிமனும் அதற்குக் கிடையாது. இன்சுலேஷன் டேப் வளைவுகளில் நன்றாகப் படியும், கேபிள் உரசலையும் தாங்கும். வெயிலில் பசை ஒழுகுவது இங்கேயும் அதன் குறை. கேபிள் உரசும் விரலகல இடத்துக்கு அதை ஒட்டிவிட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவதில் தவறில்லை. பத்து இருபது ரூபாய்ச் செலவுதான். மூன்றாவது, பாலியூரித்தேன் படலம். ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன்விளிம்பை மணல் அரிப்பிலிருந்து காக்க உருவாக்கப்பட்ட இந்த வகைப் படலம் சைக்கிள்காரர்களிடையே ஹெலிகாப்டர் டேப் என்றே பெயர் பெற்றது. இது வீட்டுப் பொருள் அல்ல. ஆனால் கார்களுக்குப் பெயின்ட் காப்புப் படலம் ஒட்டும் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துண்டுகள் ஒரு சைக்கிளுக்குத் தாராளமாகப் போதும், கேட்டால் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். கல் பட்டால் அமுங்கி மீளும் தன்மை இதற்கு உண்டு. புதிய சைக்கிளாக, நல்ல பெயின்ட்டோடு இருந்தால் இதைத் தவிர வேறெதையும் கீழ்க்குழாயில் ஒட்ட வேண்டாம் என்றே சொல்வேன்.

துணி டேப்பைப் பிரேமில் ஒட்டுவதற்கு நான் முழுவதும் எதிர். அது மிகப் பலமாக ஒட்டுவதே அங்கே கெடுதலாகிறது: உரிக்கும்போது ஸ்டிக்கரும், சில வேளை பெயின்ட்டும் கூடவே வந்துவிடுகின்றன. அதைவிடப் பெரிய கெடுதல் ஈரம். உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி போன்ற கடலோர ஊர்களில் ஆடிக்காற்று உப்பையும் நுண்மணலையும் ஒன்றாக அள்ளி வருகிறது. டேப்பின் விளிம்பு சற்றே எழும்பினாலும் அந்த உப்பும் மணலும் உள்ளே புகுந்து, மணல் பெயின்ட்டைத் தேய்க்க, உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்க, இரும்புக் குழாய் மூடிய டேப்புக்கு அடியிலேயே துருவேறும். வெளியில் பார்த்தால் டேப் கறுப்பாக, ஒழுங்காகவே தெரியும். ஆகையால் கடற்கரைப் பக்கத்து இரும்புச் சைக்கிளுக்கு டேப் எதுவும் ஒட்டாமல், உரசும் இடங்களை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, மெழுகு பூசி வைப்பதே மேல். அலுமினியப் பிரேமுக்கு இந்த அளவு அச்சம் வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி போலக் கடலை விட்டு விலகிய ஊர்களில் இரும்புக்கும் டேப் ஒட்டலாம், ஆனால் ஐப்பசி மழை தொடங்கும் முன்பு ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் ஒரு மூலையை உரித்துப் பார்த்துவிட வேண்டும்.

உரிப்பதற்கும் முறை இருக்கிறது. வெந்நீரில் நனைத்த துணியைச் சற்று நேரம் டேப்பின் மேல் போர்த்தி வைத்தால் பசை இளகும். பிறகு மேல்நோக்கிப் பிடுங்காமல், குழாயோடு ஒட்டினாற்போல மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். மிஞ்சும் பசையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி அரைமணி நேரம் விட்டுத் துணியால் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். அதற்கும் அசையாததை ஸ்பிரிட்டால் துடைக்கலாம். முதலில் கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு விட்டு, பெயின்ட் கரைகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெயும் பசையைக் கரைக்கும் என்றாலும் அது டயரிலும் பிரேக் கட்டையிலும் படாமல் பார்த்துக்கொள்வது அவசியம். உரித்த இடத்தில் துருப்புள்ளி தெரிந்தால், உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் பூசி, அது இறுகிக் காயச் சில நாள் விட்ட பிறகே அந்த இடத்தில் மறுபடி எதையாவது ஒட்ட வேண்டும்.